இருபத்திரண்டு பேரும் தெரியவேண்டும்

எங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ரீவிக்கு மேல் ஒரு பின்னல் விரிப்பு, விரிப்பில் ஒரு பிளாஸ்ரிக் பூச்சாடி, பக்கத்தில் பொலித்தீன் உறை போட்ட ரிமோட். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த எசன் நகரத்து மூன்றாம் மாடி வீட்டிலும் அப்படித்தான். இப்போது எனக்கு நாற்பது நெருங்குகிறது. மருந்துப் பெட்டியில் உள்ள எழுத்தை வாசிக்கக் கண்ணாடி தேடுகிறேன். ஆனால் அந்த ரிமோட் உறையின் வழுவழுப்பு இன்னும் விரலில் இருக்கிறது. நான் சொல்லப்போவது எனக்குப் பத்து வயதான கோடையைப் பற்றி. அண்ணா அமெரிக்கன் ஃபுட்பால் விளையாடிய கோடை.

அப்பா கிழமை நாட்களில் பாண் சுடுகிற தொழிற்சாலையில் பொதி கட்டினார். சனி ஞாயிறில் எங்கள் ஆட்களின் கல்யாணம், பூப்பு விழாவான சாமத்திய வீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் வீடியோ எடுத்தார். எங்கள் வீட்டின் சின்ன அறை முழுக்க அவருடைய சாமான்தான்: இரண்டு வீடியோ டெக், ஒரு கம்பியூட்டர், லைற் ஸ்ராண்டுகள், பொம்பிளை மாப்பிள்ளை மண்டபத்துக்குள் வரும்போது புகை விடுகிற ஒரு மெஷின். அந்த அறையில் எப்போதும் சூடான வயரின் மணமும் கற்பூர மணமும் கலந்து வரும். பொம்பிளை தலையைத் திருப்புகிற இடத்தில் படத்தை மெதுவாக ஓடவிடுவதில் அப்பா கெட்டிக்காரர். ஒருத்தி தலையைத் திருப்ப ஒரு நிமிசம் ஆகும். பார்க்கிற சனம் அழும்.

அம்மா ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தார். ஞாயிறும் வேலை.

அண்ணாவுக்கு அப்போது பதினாறு. குண்டுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் உதைபந்துக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியாகத்தான் அவனைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் கோல் கம்பத்துக்குள் நிறுத்துவார்கள். வீட்டுக்கு வந்து ரீவிக்கு முன்னால் இருப்பான். அந்த வருசங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சனலில் அமெரிக்கன் ஃபுட்பாலின் சுருக்கம் போடுவார்கள். பக்கத்து நகரத்தில் அமெரிக்கர்கள் நடத்திய பெரிய அணி ஒன்றும் இருந்தது. அண்ணா விதிகளை ரீவியிலும் வீடியோ கேமிலும் படித்தான். ஒரு நாள் வகுப்புத் தோழன் ஒருவனோடு எங்கள் பக்கத்துச் சிறிய கிளப் ஒன்றுக்குப் போனான். அங்கேயிருந்த ட்ரெய்னர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லது, மிக நல்லது" என்றாராம். அண்ணாவின் உடம்பைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எப்போதும் கிழவர் மாதிரிப் படி ஏறுகிறவன், அன்றைக்கு வீட்டுப் படிகளை ஓடி ஏறி வந்தான்.

சம்மதக் கடிதத்தை அப்பாவிடம் நீட்டினான்.

"என்ன விளையாட்டு?"

"ஃபுட்பால், அப்பா."

அப்பாவின் காதில், இந்த நாட்டில் உதைபந்துக்குச் சொல்கிற ஃபுஸ்பால் என்றுதான் விழுந்தது. "உதைபந்து நல்லது. நானும் விளையாடினனான்" என்று சொல்லி, ஒரு கல்யாண வீடியோவை வெட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இரண்டு கிழமைக்குப் பிறகு அண்ணா தோள் கவசத்தையும் ஹெல்மெட்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது அம்மா கரண்டியோடு வெளியில் வந்தார்.

"உது என்ன தம்பி, கூத்துக்கோ?"

அப்பா ஹெல்மெட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். கழற்ற ஏலாமல் கொஞ்ச நேரம் கஷ்டப்பட்டார். நாங்கள் சிரித்த சிரிப்போடு விசயம் அடங்கிப் போனது.

ட்ரெய்னர் ஒரு தபால்காரர். சின்ன வயதில் அமெரிக்கப் படைமுகாம் ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தவர். முகாமுக்கென்று ஓடிய ரீவி அலை அவர்கள் வீட்டு அன்ரெனாவிலும் வந்து விழுமாம், நிறமில்லாமல், சத்தமில்லாமல், புள்ளி புள்ளியாக. அதைப் பார்த்துத்தான் அவர் ஆட்டம் பழகினார். எல்லா அணிகளும் சாம்பல் நிற உடுப்புத்தான் போடும் என்று பல வருசம் நினைத்திருந்ததாகச் சொல்லிச் சிரிப்பார்.

பிள்ளைகளும் அப்படித்தான். எல்லாம் ரீவியில் பார்த்ததுதான். ரீவியில் ஆட்டக்காரர்கள் கண்ணுக்குக் கீழே கறுப்புப் பட்டை பூசியிருப்பார்கள்; வெயில் கூசாமல் இருக்க என்று ட்ரெய்னர் விளங்கப்படுத்தினார். எங்கள் பெடியன்கள் மழை நாளிலும் பூசினார்கள். அண்ணா அம்மாவின் கண்மை டப்பாவைக் கொண்டுபோய் அணி முழுவதற்கும் பூசிவிட்டான். அம்மா வெறும் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். ரீவியில் ஆட்டக்காரர்கள் புகைக்குள்ளிருந்து ஓடி வருவார்கள்; எங்கள் பெடியன்களுக்கும் புகை வேண்டும். புகை மெஷின் யாரிடம் இருந்தது? அப்பா சந்தோசமாகக் கொண்டுபோய் வைத்தார். முதல் ஆட்டத்தில் மெஷின் கல்யாண மண்டபத்து அளவுக்குப் புகையைக் கக்க, காற்று அதை அப்படியே எதிரணிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. அவர்கள் இருமினார்கள். கரோக்கே மைக் பிடித்திருந்த கேக் கடைக்காரர் அமெரிக்கக் குரலில் ஒவ்வொரு பெயராக இழுத்து இழுத்துச் சொன்னார். பார்க்க வந்தவர்கள் அறுபது பேர் இருக்கும். குரல் அறுபதாயிரம் பேருக்குக் கேட்கிற மாதிரி.

ஒருமுறை ட்ரெய்னர் கொடுத்த ரிக்கற்றில் அப்பா எங்கள் இருவரையும் பெரிய அணியின் ஸ்ரேடியத்துக்குக் கூட்டிப்போனார். இசை, வாணவேடிக்கை, பொரித்த வெங்காயத்தின் மணம். எப்போது சத்தம் போடவேண்டும் என்று பெரிய திரையில் எழுத்து வரும், சனம் போடும். திடீரென்று ஆட்டம் நின்றுபோனது. யாருக்கும் காயமில்லை, பிழையுமில்லை. இருபத்திரண்டு பெரிய மனிதர்களும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். மைதான ஓரத்தில் கைகளில் செம்மஞ்சள் உறை மாட்டிய ஒருவர் நெஞ்சுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் நிக்கினம்?" என்று அப்பா கேட்டார்.

"ரீவியில விளம்பரம் போகுது, அப்பா. அவர் கையை இறக்கினாத்தான் தொடங்கலாம்" என்றான் அண்ணா.

அப்பாவுக்கு அது நம்ப முடியாத அதிசயமாக இருந்தது. ஆட்டத்தை விட்டுவிட்டு அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது ரயிலில் மெல்லச் சொன்னார்: "நானும் உதுதான் செய்யிறன். போன மாசம் தாலி கட்டேக்க கமரா சரியாப் பிடிக்கேல்லை. ஐயரை மறிச்சு, இன்னொருக்காக் கட்டச் சொல்லி எடுத்தனான்." அண்ணா சிரித்த சிரிப்பில் முன் ஆசனத்துக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

பிறகுதான் எங்கள் வட்டார ரீவிக்காரர்கள் வந்தார்கள். இளைஞர் அணிகளைப் பற்றி இரண்டு நிமிசச் செய்தி. ஒரு ஞாயிறு மத்தியானம் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்; வியாழக்கிழமை மாலை ஒளிபரப்பு. அப்பா எல்லாருக்கும் சொல்லிவிட்டார். பெரியப்பா குடும்பம் வந்தது. அம்மா மீன் ரோல்ஸ் பொரித்தார். அப்பா டெக்கில் புதுக் கசட் போட்டுப் பதிவு பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு இருந்தார்.

அண்ணாவின் இடம் முன்வரிசை. பந்தைத் தொடுகிற வேலையே இல்லை. பந்து வைத்திருப்பவனை எதிரணி நெருங்காமல் மறித்துப் பிடிப்பதுதான் அவன் வேலை. கமரா எப்போதும் பந்துக்குப் பின்னால்தான் ஓடும். அதனால் ரீவியில் அவனுடைய கை, முதுகு என்று துண்டு துண்டாகத்தான் வந்தது. பிறகு திடீரென்று ஒரு மோதல். ஹெல்மெட்டோடு ஹெல்மெட் இடிக்கிற பெரிய சத்தம். அடுத்த காட்சியில் அண்ணா சேற்றில் மல்லாந்து கிடந்தான். அதையே இன்னொரு தடவை மெதுவாகக் காட்டினார்கள். மூன்றாவது தடவை அதற்கு ஒரு சோக இசையும் போட்டார்கள். அவன் எழும்புகிறதைக் காட்டவில்லை. அடுத்த காட்சியில், மைதான ஓரத்தில் கேக் விற்கிற அம்மாமார்.

அண்ணா எங்களுக்குப் பக்கத்தில்தான் ரோல்ஸோடு இருந்தான். இருந்தாலும் அம்மா எழுந்து போய் அவனுடைய தலையைத் தடவிப் பார்த்தார். பெரியப்பா, "இது விளையாட்டோ, அடிபாடோ?" என்றார். அதற்குள் ரெலிபோன் அடிக்கத் தொடங்கிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் எடுத்தார்கள். ஆஹென் நகரத்தில் இருந்த மாமி அழுதே விட்டார்.

"தம்பி, இனி நீ அங்க போகேலாது" என்றார் அம்மா. குரலை உயர்த்தவில்லை.

"அம்மா, எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. வழுக்கி விழுந்தனான், அவ்வளவுதான்."

"நான் கண்ணால பாத்தனான்."

எல்லாரும் போனபிறகு அப்பா சின்ன அறைக்குள் அந்தக் கசட்டை முன்னும் பின்னுமாக ஓட்டினார். நான் கதவடியில் நின்றேன். திடீரென்று அம்மாவைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாரும். இடிபடுற நேரம் நிலம் காஞ்சு கிடக்கு. இவன் கிடக்கேக்க சேறு. மழை பேந்துதான் பெய்ஞ்சது. இரண்டும் வேற வேற நேரம். வெட்டி ஒட்டியிருக்கிறாங்கள்."

"நீங்கள் மகனுக்காகக் கதைக்கிறியள்."

"இது நான் செய்யிற வேலையப்பா! பொம்பிளை பத்து மணிக்குச் சிரிச்சதை எடுத்து, மாப்பிள்ளை மத்தியானம் பாத்ததோட ஒட்டுறன். எனக்குத் தெரியாதோ?"

அம்மா கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். "காட்டுறதையும் நம்பேலாது எண்டால், காட்டாமல் விட்டதை நான் எப்பிடி நம்புறது? நாளைக்கே போய் அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாங்கோ."

அப்பா அடுத்த நாள் போகவில்லை. மூன்று கிழமை இழுத்தடித்தார். அந்த மூன்று கிழமையும் அண்ணா பயிற்சிக்குப் போகவில்லை. சண்டை பிடிக்கவுமில்லை. பழையபடி ரீவிக்கு முன்னால், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றையும் பார்க்காமல் இருந்தான். தோள் கவசம் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. நான் ஆட்டத்தைப் பற்றிக் கதை கேட்டால், "பிறகு" என்பான். படிகளில் அவன் ஏறி வருகிற சத்தம் மறுபடியும் கிழவருடைய நடை மாதிரி ஆகிவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் அப்பா ட்ரெய்னரிடம் போனார். கடிதத்தைத் திருப்பி வாங்கப் போனவர் ஒரு கசட்டோடு திரும்பி வந்தார். ஒவ்வொரு ஆட்டத்தையும் கிளப்பில் ஒருவர் உயரத்தில் நின்று முழுதாகப் படம் பிடிப்பாராம், பிழைகளைப் பார்த்துத் திருத்துவதற்காக. அந்த ஞாயிற்றுக்கிழமையின் படம்தான் அது. இசை இல்லை. பக்கத்தில் போகிற காட்சி ஒன்றுகூட இல்லை. தூரத்தில் எறும்பு அளவில் இருபத்திரண்டு பேர்.

அப்பா ஒரு மாலை முழுவதும் அதைப் பார்த்தார். அண்ணாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். முன்வரிசையில் ஒரு குண்டுப் பெடியன் ஒவ்வொரு முறையும் சரியாக ஒரு அடி இடப்பக்கம் வைத்து, தன்னைவிடப் பெரியவன் ஒருவனை மறித்துப் பிடிக்கிறான்; அவனுக்குப் பின்னால் ஒரு வழி திறக்கிறது; பந்து அந்த வழியால் போகிறது.

"உந்த வழியை நீயோ திறக்கிறாய்?"

"ஓம் அப்பா."

"உதை ஒருத்தரும் காட்டேல்லையே."

பிறகு மழை வந்தது. அண்ணா சேற்றில் வழுக்கி மல்லாந்து விழுந்தான். எதிரணிக்காரன் கைகொடுத்துத் தூக்கினான். இருவரும் சிரித்தார்கள். அவ்வளவுதான்.

அம்மா அந்தப் படத்தைப் பார்க்க மறுத்துவிட்டார். ஆனால் அண்ணாவின் நடைச் சத்தம் அவர் காதிலும் விழுந்திருக்கவேண்டும். ஒரு இரவுச் சாப்பாட்டில் அப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையில் புட்டை வைத்துக்கொண்டே சொன்னார்: "போகட்டும். ஆனால் ஒவ்வொருக்காவும் நீங்கள் போய் நிண்டு பாக்கோணும். நான் அந்தப் பக்கமே வரமாட்டன். என்னை வரச்சொல்லிக் கேக்கக்கூடாது."

அப்படித்தான் அப்பா கிளப்பின் படப்பிடிப்பாளர் ஆனார். எப்படியும் நிற்கத்தான் போகிறார், கமராவும் இருக்கிறது. கல்யாணங்களைச் சனிக்கிழமைக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். வீட்டில் ஒருவரும் இல்லாததால் நானும் போவேன். கீழே படியில் இருந்து சிப்ஸ் தின்பேன்.

முதல் படத்தைப் பார்த்த ட்ரெய்னர் தலையைச் சொறிந்தார். "உங்கள் மகனின் முதுகு மிக அழகாக வந்திருக்கிறது. பந்து எங்கே? மற்ற இருபத்தொரு பேரும் எங்கே?" அடுத்த ஆட்டத்தில் அப்பா மைதானத்தைக் கொஞ்சம் அகலமாகக் காட்டினார்; ஆனால் புள்ளி எடுத்த இடத்தில் மெதுவாக ஓடவிட்டு, மூலையிலிருந்து ரோசாப்பூ இதழ்கள் விழுகிற மாதிரிச் செய்திருந்தார். பெடியன்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்களாம். ட்ரெய்னர் மட்டும் பொறுமையாகச் சொன்னார்: "கிட்டப் போகாதீர்கள். அழகு படுத்தாதீர்கள். ஒவ்வொரு நிமிசமும் இருபத்திரண்டு பேரும் தெரியவேண்டும். வேறொன்றும் வேண்டாம்."

பதினைந்து வருசம் பொம்பிளையின் கண்ணுக்குள் போய்ப் படம் பிடித்த மனிதருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. உடுப்பு மாற்றுகிற கட்டடத்தின் தட்டைக் கூரையில் ஸ்ராண்டை வைத்து, கிட்டக் கொண்டுவருகிற பொத்தானுக்கு மேல் பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டார், விரல் தானாகப் போகாமல் இருக்க.

கோடையின் கடைசி ஆட்டம். அன்றைக்கு அண்ணா உண்மையாகவே அடிபட்டான். இரண்டு பேர் அவன் கைக்கு மேல் விழுந்தார்கள். எழும்பவில்லை. மற்ற எல்லாரும் அவரவர் நின்ற இடத்தில் ஒரு முழங்காலில் இருந்தார்கள்; அதுகூட ரீவியில் பார்த்துப் பழகிய மரியாதைதான். கேக் கடைக்காரர் மைக்கைக் கீழே வைத்துவிட்டார். நான் கூரையைப் பார்த்தேன். அப்பா கமராவுக்குப் பின்னால் அசையாமல் நின்றார். ஏன் ஓடி வரவில்லை என்று அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணா எழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். அப்பா ஏணியால் இறங்கி வந்தார். அவருடைய சேட்டு வியர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது.

மணிக்கட்டில் வெடிப்பு. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அம்மா கதவைத் திறந்தார். வேலை உடுப்பைக்கூட இன்னும் மாற்றவில்லை. பெரிய சண்டை வரும் என்று மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். அம்மா மாவுக்கட்டைப் பார்த்தார். எப்படி நடந்தது என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "கையைக் கழுவிப்போட்டு வா, சோறு தீத்தி விடுறன்" என்றார். கோபத்தில்தான் கதைக்கவில்லை என்று நாங்கள் நினைத்தோம். பல வருசம் அப்படியே நினைத்திருந்தோம்.

அண்ணா மேலும் இரண்டு வருசம் விளையாடினான். பிறகு எலெக்ரீசியன் வேலைக்கு ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி தொடங்கியது, நேரமில்லாமல் விட்டான். பக்கத்து நகரத்துப் பெரிய அணியை அமெரிக்கர்கள் ஒரு கோடையில் இழுத்து மூடிவிட்டார்கள். ரீவியில் பார்க்கிறவர்கள் போதவில்லையாம். எங்கள் சின்னக் கிளப்பை அந்தச் செய்தி பெரிதாகத் தாக்கவில்லை. அறுபது பேர் வந்தார்கள், கேக் விற்றார்கள். அண்ணா விட்ட பிறகும் அப்பா நாலு வருசம் அந்தக் கூரையில் ஏறினார். இப்போது மறுபடியும் ரீவியில் ஆட்டம் கொடிகட்டிப் பறக்கிறது. அண்ணாவின் பிள்ளைகள் பெயர்களையெல்லாம் ஒப்பிக்கிறார்கள். அண்ணா பந்தைப் பார்க்கமாட்டான். முன்வரிசையைத்தான் பார்ப்பான்.

போன மாரியில் அப்பாவின் கசட்டுகளை நான் கம்பியூட்டருக்கு மாற்றத் தொடங்கினேன். அந்தக் கடைசி ஆட்டத்தை என் வீட்டுப் பெரிய திரையில் போட்டேன். முதல்முறை அண்ணாவைத்தான் பார்த்தேன். இரண்டாம் முறைதான் திரையின் இடது ஓரம் கண்ணில் பட்டது. மைதானத்தின் கம்பி வேலிக்கு வெளியே ஒரு பஸ் தரிப்பு. அங்கே வெளிர்நீல வேலை உடுப்போடு, கையில் பையோடு ஒரு பெண். பஸ் வந்தது, போனது. அவர் ஏறவில்லை. இன்னொன்று வந்தது. மூன்றாவதும் போனது. நடுவில் அண்ணா விழுகிறான். எல்லாரும் முழங்காலில் இருக்கிறார்கள். திரை முழுவதும் ஒன்றும் அசையவில்லை. அந்த நீல உடுப்பு மட்டும் வேலியோரமாக ஓடி வருகிறது. பை கீழே விழுகிறது. வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அண்ணா எழும்பி நடக்கிறான். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்பிப் போய்ப் பையை எடுத்துத் தூசு தட்டுகிறார்.

மற்றக் கசட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். எங்கள் மைதானத்தில் நடந்த எல்லா ஆட்டத்திலும் கடைசி அரைமணி நேரம் அம்மா அங்கே நிற்கிறார். ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரர்கள் பந்தை எடுக்கிற கணத்தில் முதுகைத் திருப்பிக்கொள்கிறார். விசில் ஊதியதும் திரும்பிப் பார்க்கிறார்.

அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"அம்மா, நீங்கள் அண்ணான்ர விளையாட்டுக்குப் போனனீங்களோ?"

"நான் ஏன் அங்க போறன்?"

"வேலிக்கு வெளியில நிண்டனீங்கள். படத்தில இருக்கு."

"வேலை முடிஞ்சு வர அதிலதான் பஸ் மாறுறது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை" என்றார்.

அடுத்த ஞாயிறு வீட்டுக்குப் போனபோது அம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். அப்பாவிடம் நான் வேறு ஏதோ கேட்கிற மாதிரிக் கேட்டேன்: "எல்லாப் படமும் ஏன் அப்பா இடப்பக்கம் கொஞ்சம் இழுத்த மாதிரிக் கிடக்கு? பாதி வேலிதான் தெரியுது. ஸ்ராண்ட் சரியில்லையோ?"

அப்பா குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"ஸ்ராண்டுக்கு ஒரு பிழையுமில்லை" என்றார். "ட்ரெய்னரும் உதைத்தான் கேட்டவர். கிட்டப் போகவேண்டாம் எண்டு அவர்தானே சொன்னவர், அப்ப எல்லாரும் தெரியட்டும் எண்டு சொல்லிப்போட்டன்." பிறகு, "அம்மாவுக்குச் சொல்லாதை பிள்ளை. பிறகு வெக்கப்படும்" என்றார்.

இரண்டு பேருக்கும் நான் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.